ஒரு விளம்பரமும் ஒரு சட்டமும்

வீட்டில் ஒருவர் தீராப் பிணியில் விழுந்தால், அதனைப் பிறர் அறியாமல் மூடிவைப்பதே நம்மிடையே பெருவழக்கு. அவ்வாறு மூடிவைக்காத ஒரு சகோதரியின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது நலம்.

1945ஆம் ஆண்டு மே முதல் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் சிறு விளம்பரம் ஒன்று வெளிவந்தது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயிலிருந்து நலம்பெற்றவர் எவரேனும் இருப்பின், நோயாளியோடு தொடர்புகொள்ளுமாறு அது வேண்டியது. வெளியிட்டவர் சில்வியா லாரி. நோயாளி அவருடைய தம்பி பெர்னார்டு.

தமிழில் தண்டுவட மரப்பு நோய் எனப்படும் இப்பிணியில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் உறையை அழிக்கிறது. மேலுறை கிழிந்த மின்கம்பியைப் போல நரம்பு தன் பணியில் தடுமாறுகிறது. பார்வை மங்கும், கால் தளரும், சோர்வு மிகும். பெரும்பாலும் இளவயதினரையே இது பற்றுகிறது. நோயின் போக்கை மாற்றும் மருந்து எதுவும் அந்நாளில் இல்லை.

ஐம்பதுக்கு மேற்பட்ட மடல்கள் வந்தன. ஆனால், நலம்பெற்றவரைக் கண்டால் எமக்கும் தெரிவியுங்கள் என்று கேட்டவர்களே அவற்றில் மிகுதி. சில்வியா தேடியது மருந்து; கிடைத்ததோ துணை. அத்துணையைக் கொண்டு 1946-இல் அவர் ஒரு சங்கம் நிறுவினார். அதுவே பின்னர் அமெரிக்கத் தேசிய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமாயிற்று.

நன்கொடையால் மட்டும் ஆய்வு வளராது, அரசும் பொருள் ஒதுக்கவேண்டும் என்று உணர்ந்த அவர்கள் சட்டமன்றத்தை நாடினர். செனட்டர் சார்லஸ் டோபியின் மகளும் இந்நோயால் வருந்தியவர். இந்நோய்க்கென்றே ஒரு தேசிய ஆய்வு நிலையம் வேண்டுமென 1949-இல் அவர் மசோதா கொண்டுவந்தார். வலிப்பு, பார்வையிழப்பு முதலியவற்றுக்காகவும் அவ்வேளையில் குரல்கள் எழுந்திருந்தன. முடிவில் அவை ஒன்றிணைந்தன. 1950 ஆகஸ்ட் 15 அன்று குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையொப்பமிட்ட சட்டம், நரம்பு நோய்கள், பார்வையிழப்பு ஆகியவற்றுக்கான தேசிய நிலையத்தைத் தோற்றுவித்தது. ஒரு நோயாளர்க்கெனக் கேட்டது எல்லா நரம்பு நோயாளர்க்கும் கிடைத்தது.

பெர்னார்டு நலம்பெறவில்லை. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா 1993-இல்தான் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2001-இல் மறைந்த சில்வியா அதனைக் காணும்வரை வாழ்ந்திருந்தார்.

நம் நாட்டிலும் 1995-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே குறிப்பிட்டது. அப்பட்டியலில் இந்நோயின் பெயர் இல்லை. 21 வகைகளை ஏற்ற 2016-இன் சட்டத்தில்தான் அது இடம்பெற்றது. பெயர் சட்டத்தில் ஏறுவதற்கு முன், அதை உரக்கச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. நம் தெருவிலும் மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பெர்னார்டு இருக்கக்கூடும். அவருக்காக எழுதப்படும் முதல் மடல் நம்முடையதாக இருக்கலாகாதா?