பரிசுச் சீட்டு: நம் கடைவீதியை விட்டுப் போன ஒரு வணிகம்

மளிகை, ஜவுளி, பாத்திரக் கடைகளின் வரலாறு இம்மலரில் இடம்பெறுகிறது. இன்று ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் இல்லாத ஒரு வணிகத்தையும் பதிவு செய்வது நம் கடமை.

கேரளம் 1967-இல் அரசு லாட்டரியைத் தொடங்கியது. மறு ஆண்டே, அண்ணா முதல்வராக இருந்தபோது, தமிழ்நாடு அரசின் பரிசுச் சீட்டு வந்தது. விலை ஒரு ரூபாய். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கத்தை மக்கள் நம்பி வாங்கினார்கள். 1975-இல் கலைஞர் நிறுத்தினார், எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்ப வந்தது.

ஒரகடம் வயலும் ஏரியுமாக இருந்த காலம் அது. பெங்களூரு சாலையில் பஸ் நிற்கும் ஊர்களில் எல்லாம், அட்டையில் கிளிப் மாட்டிச் சீட்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ‘நாளைக்குக் குலுக்கல்’ என்று ஜன்னலோரம் குரல் கொடுப்பார்கள். நடக்க முடியாதவர்கள், வேறு வேலைக்குப் போக இயலாத முதியவர்கள் எனப் பலருக்கு அந்தக் கமிஷன்தான் சோறு போட்டது. குலுக்கலுக்கு மறுநாள் டீக்கடை நாளிதழில் முடிவுப் பக்கத்துக்குத்தான் போட்டி. கடைசி எண்ணிலிருந்து பின்னோக்கி விரல் வைத்துப் பார்ப்பார்கள். சீட்டு அச்சடிப்பதால் சிவகாசி அச்சகங்களுக்கும் நல்ல வேலை.

கெடுத்தது வேகம். வெளிமாநிலச் சீட்டுகள் குவிந்தன. சுரண்டல் லாட்டரி, ஒரு நம்பர் லாட்டரி என்று வந்தபின் காலையில் வாங்கிய கூலி மாலைக்குள் கரைந்தது. 1998-இல் நாடாளுமன்றம் இயற்றிய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் ஒற்றை இலக்கப் பரிசைத் தடுத்தது. ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல்தான் என்றது. வேறு மாநிலச் சீட்டைத் தடை செய்யும் உரிமையையும் மாநிலங்களுக்குக் கொடுத்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. விற்றுப் பிழைத்தவர்கள் திடீரெனத் தெருவில் நின்றார்கள். அந்த வேதனை உண்மை. ஆனாலும் தடை சரியான முடிவு என்றே உறுதியாகச் சொல்வேன்.

ஏனென்றால் ஆபத்து இன்னும் தீரவில்லை. கேரளக் குலுக்கல் முடிவை வைத்து நடக்கும் கள்ளத்தனமான மூன்று நம்பர் லாட்டரி துண்டுத்தாளிலும் செல்போனிலும் ஓடுகிறது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பம், மூன்று பெண் குழந்தைகளோடு, இந்த லாட்டரியால் வந்த கடனில் மாண்டது.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் ஷிப்ட் முடித்துவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் இன்று நம் வாடிக்கையாளர்கள். வணிகப் பெருமக்களே, உங்கள் கடை வாசலில் நம்பர் எழுத யாரையும் நிற்க விடாதீர்கள். கண்டால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.