பலகை வீட்டை மக்க வைப்பது எது? ஈரத்தை நிறுத்திச் சரிசெய்யும் முறை

தஞ்சோங் ரம்புத்தான் – ஈப்போவுக்கு வடகிழக்கே, மலையடிவாரத்தில், கிந்தா ஆற்றை ஒட்டிய ஊர் இது. 1911-இல் திறக்கப்பட்ட மனநல மருத்துவமனையை வைத்தே வெளியூர்க்காரர்கள் பலர் இதனை அறிவார்கள். பேராவின் பழைய பால்மரக் காடுகள் பலவும் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அந்தக் காலத்துப் பலகை வீடுகளில் சில மட்டும் இன்னும் குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. சிமெண்டுக் கால், மரத்தூண், பலகைச் சுவர், தகரக் கூரை என்பதே அவற்றின் அமைப்பு.

இத்தகைய வீட்டில் பலகை மக்கினால், "மலையோர ஊர், எப்போதும் ஈரக்காற்று, பலகை எப்படித் தாங்கும்?" என்று சொல்லி, புதுப் பலகை அடித்துச் சாயம் பூசிவிடுவது வழக்கம். சில ஆண்டுகளில் அதே இடம் மீண்டும் மக்கும். காரணம், பழி தவறான இடத்தில் விழுகிறது. மரத்தை மக்க வைப்பது காற்றின் ஈரமன்று. ஓடி வந்து தேங்கும் தண்ணீர்.

மரமும் ஈரமும்

மரத்தை மக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சை. அது வளர, மரத்தின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் வேண்டும். நன்றாக அரிப்பதற்கு 28, 30 விழுக்காடு வரை தேவைப்படும். மலேசியத் தட்பவெப்பத்தில், கூரைக்கடியில் நனையாமல் இருக்கும் மரத்தில் ஏறத்தாழ 14 முதல் 18 விழுக்காடு ஈரமே நிற்கும். ஆகவே, நனையாத பலகை நம் நாட்டிலும் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஒரு பலகை மக்கியிருந்தால், எங்கிருந்தோ அதற்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்த வழியை அடைக்காமல் செய்யும் செலவு வீண்.

தண்ணீர் வரும் வழிகள்

நல்ல மழை பெய்யும்போது வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்ப்பதே சிறந்த பரிசோதனை. பெரும்பாலும் கீழ்க்கண்ட இடங்களில் ஒன்றில் கோளாறு இருக்கும்.

கூரைத் தகர ஆணியின் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்து, ஆணித் துளை வழியாக நீர் இறங்கும். வீட்டோடு பின்னர் சேர்த்துக் கட்டிய சமையலறை அல்லது குளியலறையின் கூரை, பழைய கூரையைச் சந்திக்கும் மூட்டில் கசியும். கூரை ஓரத்தில் நீர்ப்பீலி இல்லாமலோ, இலை அடைத்தோ இருந்தால், கொட்டும் நீர் தரையில் பட்டுத் தெறித்து அடிப்பலகையை நனைக்கும்.

தரையோரமும் கவனிக்க வேண்டிய இடம். சாலையையும் முற்றத்தையும் உயர்த்த உயர்த்த, ஒரு காலத்தில் மேலே இருந்த அடிப்பலகை மண்ணைத் தொட்டுவிடும். தூண் ஆடுகிறது என்று அதன் அடியைச் சுற்றிச் சிமெண்டு ஊற்றுவது பலரும் செய்யும் தவறு. மரத்துக்கும் சிமெண்டுக்கும் இடையில் இறங்கும் நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, தூண் உள்ளிருந்தே மக்கும். மலாய்க் கம்பத்து வீடுகளில் தூணை மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்தி, வீட்டுக்கடியில் காற்றோட விட்டதன் பயன் இதில்தான் விளங்கும்.

வீட்டுக்குள் பலகைத் தரையின்மேல் பிளாஸ்டிக் பாய் விரித்திருந்தால், அடியில் புகுந்த நீர் காயாது. சுவரை ஒட்டி அடுக்கிய பூச்சட்டிகளும் அப்படியே.

அழுக்கா, மக்கலா, கரையானா?

மூன்றும் வேறு, மூன்றுக்கும் வைத்தியமும் வேறு.

பலகையின் மேல் கறுப்பாக அல்லது பச்சையாகப் படிந்து, துடைத்தால் போவது மேற்பூஞ்சணம். மரத்தின் பலம் குறையாது. ஆனால் காற்றோட்டம் போதவில்லை என்பதற்கு அது அடையாளம்.

மக்கலைக் கண்டுபிடிக்க ஒரு திருப்புளி போதும். கூரிய முனையைப் பலகையில் குத்தி மெல்ல நெம்ப வேண்டும். நல்ல மரத்தில் நீளமான சிம்பு கிளம்பும். மக்கிய மரம் துண்டு துண்டாக ஒடியும். சிறு கட்டங்களாக வெடித்துப் பழுப்பாக இருப்பதும், வெளுத்து நார் நாராகப் பிரிவதும் மக்கலின் இரு தோற்றங்கள். மேற்சாயம் பளபளப்பாக இருப்பதை நம்பக் கூடாது.

தட்டினால் வெற்றொலி வந்து, தூணில் மண் குழாய்கள் ஓடியிருந்தால் அது கரையான். கண்ணில் பட்டதை மட்டும் கொல்வதால் மண்ணுக்குள் இருக்கும் கூட்டம் அழியாது. இதற்கு உரிமம் பெற்ற பூச்சி ஒழிப்பாளரின் உதவி தேவை. மாவு போன்ற தூளும் குண்டூசித் துளைகளும் மரம் துளைக்கும் வண்டின் வேலை.

காயவிட்ட பிறகே வெட்டு

தண்ணீர் வரும் வழியை அடைத்ததும் உடனே பலகையை மாற்றிவிடக் கூடாது. சுற்றியுள்ள மரம் காய வேண்டும். மேற்குக் கரை மாநிலங்களில் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். ஆகவே ஜனவரி, பிப்ரவரி அல்லது ஜூன், ஜூலை மாதங்களில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

மக்கிய பகுதியைக் கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிறுத்தாமல், நல்ல மரம் வரும் வரைக்கும், அதற்கும் மேலே ஓர் அடி அளவுக்கும் வெட்டி எடுப்பது பாதுகாப்பு. தூணின் அடி மட்டும் போயிருந்தால் முழுத் தூணையும் மாற்ற வேண்டியதில்லை. அடியை அறுத்துவிட்டு, தரைக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிமெண்டுக் கால் கட்டி, அதன்மேல் மீதித் தூணை உட்காரவைக்கலாம். மரத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவே தகரமோ தார்த்தாளோ வைக்க வேண்டும். இல்லையேல் சிமெண்டு உறிஞ்சும் நீர் மரத்துக்கு ஏறும்.

வீட்டை ஜெக் வைத்துத் தூக்கும் வேலை பழகிய தச்சருக்கே உரியது. ஒரே நேரத்தில் ஒரு தூணுக்கு மேல் கழற்றக் கூடாது. ஓட்டையில் பசையும் மரத்தூளும் நிரப்பிச் சாயம் பூசுவது, பாரம் தாங்காத சிறு இடங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

எந்த மரம், எந்த மருந்து?

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகம் மரக்கட்டைகளை மண்ணில் நட்டு, எத்தனை ஆண்டு தாங்குகின்றன என்று சோதித்து வந்திருக்கிறது. செங்கால் மரம் 10 ஆண்டுகளுக்கு மேல் தாங்கும் முதல் வகை. நம் முன்னோர் பால் வெட்டிய ரப்பர் மரமோ இரண்டு ஆண்டுகூடத் தாங்காத கடைசி வகை. மருந்தேற்றினால் நாற்காலி மேசைக்கு நன்று, வெளிச்சுவருக்கு ஆகாது. இலேசான மெராந்திப் பலகையை மழை படாத உட்சுவரில் பயன்படுத்தலாம். தரையை நெருங்கும் இடங்களுக்குக் கடின மரமோ மருந்தேற்றிய மரமோ தேவை.

போராக்ஸ், போரிக் அமிலக் கலவை பூஞ்சைக்கும் வண்டுக்கும் எதிராக உழைக்கும். ஆனால் அது தண்ணீரில் கரைந்து போய்விடும். ஆகவே மழை படும் பலகையில் அதைத் தடவினால் மேலே சாயப்பூச்சு அவசியம். பலகையின் அறுத்த முனைகளில் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். மரம் அதிகமாக நீர் குடிப்பது அந்த முனை வழியாகத்தான்.

கவனம்

பழைய கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், சுரண்டும்போது ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும். குழந்தைகள் அருகில் இருக்கக் கூடாது. பழைய ரயில் கட்டைகளை வீட்டுக்குள் பயன்படுத்துவதும், பச்சை நிறம் ஏறிய மருந்துப் பலகைத் துண்டுகளைப் பொங்கல் அடுப்பிலோ விருந்துச் சமையலிலோ எரிப்பதும் ஆபத்து. அவற்றிலுள்ள நஞ்சு புகையிலும் சாம்பலிலும் தங்கும். பூஞ்சணம் படிந்த அறையில் ஆஸ்துமா உள்ளவர்களைப் படுக்க வைக்கக் கூடாது.

செலவு யாருடையது?

பலகை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தோட்டத்தில் வேலை செய்து, நிர்வாகம் கொடுத்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் (சட்டம் 446) துணை நிற்கிறது. அந்த வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை. எழுத்துமூலம் தெரிவித்தும் பலனில்லை என்றால் தொழிலாளர் இலாகாவை நாடலாம்.

தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருப்பவர்கள், அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-இல் முடிவதை நினைவில் கொள்ள வேண்டும். புதுப்பித்த ரசீது கையில் இல்லாமல் பெரிய செலவில் இறங்குவது சரியன்று. சொந்த மனை உள்ள வறிய குடும்பங்கள், வீடு பழுதுபார்ப்பு உதவிகள் பற்றி மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஈகாசே பதிவு பெரும்பாலும் கேட்கப்படும். பலகை மாற்றுவதோடு நில்லாமல் அறை கூட்டிக் கட்டுவதானால், ஈப்போ மாநகர் மன்றத்தின் அனுமதியை முதலில் கேட்டறிய வேண்டும்.

வேலை முடிந்த பிறகும் ஆண்டுக்கு இருமுறை, பெருமழைக் காலம் தொடங்கும் முன், நீர்ப்பீலியில் இலை அள்ளி, கூரை ஆணிகளைப் பார்த்து, சுவரோரத்து மண்ணை இறக்கிவிட வேண்டும். அரைநாள் வேலைதான். அதைத் தவறவிட்ட வீடுகளில்தான் தூண் மாற்ற வேண்டி வருகிறது.