ஐந்தாண்டும் ஐந்நூறு மணி நேரமும்: பலமனேரிலிருந்து பார்த்தால் மருந்தாளுநர் பதிவு

டி.பார்ம் மாணவர்களுக்கான சட்டப் பாடநூல் எதைப் புரட்டினாலும் ஒரே கதைதான் வரும். 1930இல் லெப்டினன்ட் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு. 1931இல் அதன் அறிக்கை. 1940இல் மருந்துச் சட்டம், 1945இல் அதன் விதிகள், 1948 மார்ச் 4இல் மருந்தியல் சட்டம். அதுவரை அனுபவத்தை மட்டும் வைத்து மருந்து கலந்துகொடுத்த கம்பவுண்டர்களுக்கு ஒரே ஒருமுறை சலுகை காட்டினார்கள், பிறகு கதவைச் சாத்தினார்கள், தொழில் படித்தவர் கைக்கு வந்தது என்று கதை முடியும். இதைப் 'பாடநூல் வாசிப்பு' என்று இங்கே குறிக்கிறேன். இதில் தேதிகள் சரி. அவற்றைக் கோத்திருக்கும் நூல்தான் சரியில்லை.

பாடநூலுக்கு ஓர் இடத்தில் நியாயம் செய்துவிட வேண்டும். சோப்ரா குழு மருந்தின் தரத்தையும் மருந்து கலப்பவரின் தகுதியையும் ஒரே கேள்வியாகத்தான் பார்த்தது. அவை இரண்டு சட்டங்களாகப் பிரிந்து எட்டாண்டு இடைவெளியில் வந்தது பின்னால் நேர்ந்தது. அதைப் பாடநூல் சரியாகவே சொல்கிறது. என் சண்டை 'ஒருமுறைச் சலுகை' என்ற சொல்லோடு.

இந்தச் சண்டைக்குப் பலமனேரைப் போல் வசதியான ஊர் இல்லை. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் பிறக்கும்வரை அது வட ஆர்க்காட்டு ஊர். 1953 செப்டம்பர் முடியும்வரை சென்னை மாநிலம், அடுத்த நாள் முதல் ஆந்திர மாநிலம், 1956 நவம்பர் 1 முதல் ஆந்திரப் பிரதேசம். ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. விண்ணப்பம் போக வேண்டிய தலைநகர்தான் சென்னை, கர்னூல், ஹைதராபாத், அமராவதி என்று இடம் மாறிக்கொண்டிருந்தது. மருந்தாளுநர் பதிவேடோ மாநிலத்தின் சொத்து. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது பதிவேட்டில் ஒரு வரிகூட அசைய வேண்டியிருக்கவில்லை. மாநில எல்லை நகர்ந்தால் அப்படி இருக்க முடியாது.

முதலில் அந்தச் சலுகை. மருந்தியல் சட்டத்தின் 31ஆம் பிரிவு முதல் பதிவேட்டில் யார் யாரைச் சேர்க்கலாம் என்று நான்கு உட்பிரிவுகளில் சொல்கிறது. முதலாவது மருந்தியல் பட்டமோ பட்டயமோ, 'கெமிஸ்ட் அண்ட் டிரக்கிஸ்ட்' பட்டயமோ பெற்றவர். சென்னை மருத்துவக் கல்லூரியை அறிந்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. இரண்டாவது வேறு பட்டம் பெற்று மூன்றாண்டு மருந்து கலந்தவர். மூன்றாவது மாநில அரசு ஏற்ற கம்பவுண்டர் தேர்வில் தேறியவர். நான்காவது, எந்தத் தேர்வும் எழுதாமல், மருத்துவமனையிலோ டிஸ்பென்சரியிலோ மருத்துவரின் சீட்டுக்கு வழக்கமாக மருந்து கொடுக்கும் வேறு இடத்திலோ மொத்தம் ஐந்தாண்டுக்குக் குறையாமல் மருந்து கலந்தவர். வயது பதினெட்டு ஆகியிருக்க வேண்டும், குறித்த கட்டணம் கட்ட வேண்டும். இவை நால்வருக்கும் பொது.

நான்காவது உட்பிரிவைப் பாடநூல் 'தகுதியற்றோருக்கான சலுகை' என்று கடந்துவிடும். தேர்வெழுதிய கம்பவுண்டருக்கு மூன்றாவது உட்பிரிவு இருக்க, எழுதாதவருக்குத் தனி உட்பிரிவு ஏன்? 1946இல் வந்த போர் (Bhore) குழு அறிக்கை மருந்தாளுநர்களை உரிமம் பெற்றவர், பட்டதாரி, தொழில்நுட்பர் என்று மூன்று படியில் வைக்கச் சொன்னது. அந்த அறிக்கை வந்து இரண்டாண்டுதான் ஆகியிருந்தது. இருந்தும் சட்டம் படி எதுவும் வைக்கவில்லை. ஒரே பதிவேடு, ஒரே பெயர். பட்டதாரியும் ஐந்தாண்டு கல்வத்தில் அரைத்தவரும் 'பதிவு பெற்ற மருந்தாளுநர்'தான். இதைச் சலுகை என்று என்னால் வாசிக்க முடியவில்லை. தொழிற்பயிற்சியும் ஒரு படிப்புதான் என்று சட்டம் ஒப்புக்கொண்ட கடைசி இடம் இது என்றே வாசிக்கிறேன்.

ஐந்து என்ற எண் எங்கிருந்து வந்தது? 1815ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அப்போதிக்கரிச் சட்டம் பயிலுநராக ஐந்தாண்டு இருந்தவரையே தேர்வுக்கு அனுமதித்தது. எண்ணின் ஒற்றுமை மட்டும் சான்றாகிவிடாது, தெரியும். போதாக்குறைக்கு, நம் சட்டத்தின் 'மொத்தம்' என்ற சொல் என் வாசிப்புக்கு எதிராகவே நிற்கிறது. அங்கே ஒரே ஆசானிடம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு தொடர்ந்து இருக்க வேண்டும். இங்கே இரண்டாண்டு மிஷன் ஆஸ்பத்திரி, ஓராண்டு ஊர்த் திரும்பல், மறுபடி ஒரு டாக்டர் வீட்டுத் திண்ணை டிஸ்பென்சரி என்று கூட்டிக்கொள்ளலாம். ஆனாலும் அந்தச் சொல்லே எனக்குத் துணை வருகிறது. நம் ஊர்க் கம்பவுண்டர் தொழில் கற்ற விதத்தை அறிந்த ஒருவர்தான் 'மொத்தம்' என்று போட்டிருக்க முடியும். மிக்சர் புட்டியின் பக்கவாட்டில் பல்வரிசை போல் வெட்டிய தாளை ஒட்டி வேளைக்கு எவ்வளவு என்று காட்டும் கைப்பழக்கம் எந்த வகுப்பிலும் வந்ததில்லை. காலையில் கடை கூட்டி, புட்டி கழுவி, சாயங்காலம் பொடி மடித்து வந்தது. சட்டம் எண்ணியது அந்த நாட்களைத்தான்.

இதில் ஒரு கண்டிப்பும் உண்டு. மருந்து விற்ற நாள் கணக்கில் வராது, கலந்த நாள்தான் வரும். டானிக்கும் தைலமும் மட்டும் விற்ற கடையில் பத்தாண்டு நின்ற பையனுக்கு இந்தக் கதவு திறக்காது.

இனி 'ஒருமுறை'. 1959ஆம் ஆண்டுத் திருத்தம் 32ஏ என்ற பிரிவைச் செருகியது. இந்தியாவுக்கு இடம்பெயர்ந்து வந்தவர், வெளிநாட்டில் தொழில் செய்த இந்தியர், இவர்களோடு உரிய நாளில் விண்ணப்பித்திருந்தால் 31ஆம் பிரிவில் தேறியிருக்கக்கூடியவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. கதவைச் சாத்திய பிறகு தூங்கி எழுந்து வந்தவருக்கும் இரண்டாண்டு அவகாசம்! 1976ஆம் ஆண்டுத் திருத்தம் 32பி என்று இன்னொன்றைச் சேர்த்து, பர்மா, இலங்கை, உகாண்டாவிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கும் வழிவிட்டது. மருந்து விதிகளின் கணக்கு வேறு. கடைக்கு உரிமம் தரும் அதிகாரி, நான்காண்டு அனுபவம் போதும் என்று கருதி மருந்து கொடுப்பவருக்கு 1969 டிசம்பர் 31க்குள் ஒப்புதல் தந்திருந்தால், ஒப்புதல் பெற்றவர் 'தகுதியாளர்'. ஆக ஒரே கடைவீதியில் ஒரு சட்டத்துக்கு ஐந்தாண்டு, இன்னொன்றின் விதிக்கு நான்காண்டு. ஒருமுறைச் சலுகைக்கு இத்தனை முறை ஆகுமா?

இந்தக் கட்டுரைக்கு என்னை இழுத்ததே 42ஆம் பிரிவின் அடிக்குறிப்பில் உள்ள ஒரு பாடபேதம். சட்டத்தின் முதுகெலும்பு அந்தப் பிரிவுதான். பதிவு பெறாதவர் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கலக்கவோ கொடுக்கவோ கூடாது, மீறினால் ஆறு மாதச் சிறையோ ஆயிரம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ என்று 1948இல் எழுதினார்கள். ஆனால் தடை நடைமுறைக்கு வரும் நாளை மாநில அரசு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால்? மூலச் சட்டம் வாய் திறக்கவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தம்தான் ஒரு வரம்புரை சேர்த்தது: நாள் அறிவிக்காத மாநிலத்தில், திருத்தம் நடைமுறைக்கு வந்து ஐந்தாண்டு முடிந்ததும் தடை தானே அமலாகும். திருத்தம் அமலான நாள் 1976 செப்டம்பர் 1. ஆக, கெடு 1981 செப்டம்பர் 1.

இன்று கிடைக்கும் எந்தப் பதிப்பிலும் அந்த இடத்தில் 'ஐந்து' இல்லை, 'எட்டு' இருக்கிறது. அடிக்குறிப்பைப் பார்த்தால், 1982ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம் மாற்றியது, 1981 செப்டம்பர் 1 முதல் செல்லும் என்றிருக்கிறது. கெடு முடிந்துபோன பிறகு சட்டம் போட்டு, முடிந்த அதே நாளுக்குப் பின்தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒரு சொல்லை மாற்ற ஒரு தனிச் சட்டம். மூன்றாண்டு நீட்டிப்பு 1984 செப்டம்பர் 1 வரை.

பாடநூல்கள் 'எட்டு' என்று மட்டும் அச்சிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஐந்தும் எட்டும் அருகருகே நின்றால்தான் செய்தி புரியும். 1948இல் கதவு சாத்தியாயிற்று என்றால், முப்பத்துநான்கு ஆண்டு கழித்து அவசரமாகப் பின்தேதியிட்டு யாருக்காகத் திறந்துவைத்தார்கள்? தடை விழுந்தால் கடை நடத்த முடியாத நிலையில் இன்னும் மாநிலங்கள் இருந்தன என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. ஒன்று சொல்லிவிட வேண்டும்: 1984 மேல் எல்லைதான். மாநிலம் முன்னதாகவே நாள் அறிவித்திருந்தால் அங்கே அதுதான் செல்லும். எனவே பலமனேருக்கு 1984 என்று அடித்துச் சொல்ல மாட்டேன். 1948 அல்ல என்பதை மட்டும் அடித்துச் சொல்வேன். பதிவேட்டையும் பதிவையும் பற்றிய இயல்களே மாநில அறிவிக்கை வந்தால்தான் அமலாகும் என்று சட்டத்தின் முதல் பிரிவிலேயே இருக்கிறது.

அதே முதல் பிரிவில் இன்னொரு வரம்புரை. 1956 நவம்பர் 1 மாநிலச் சீரமைப்பால் ஒரு மாநிலத்தின் ஒரு பகுதியில் மட்டும் அந்த இயல்கள் அமலில் இருந்தால், மீதிப் பகுதிக்குத் தனியே நாள் குறிக்கலாம். 32ஏ பிரிவும் 1956 நவம்பர் 1க்கு முன் ஒரு மாநிலப் பதிவேட்டுக்கு உரியவராக இருந்து, எல்லை மாறியதால் உரிமை இழந்தவரைக் காப்பாற்றுகிறது. இரண்டிலும் தேதி ஒன்றே. சித்தூர் மாவட்டத்துக்காரருக்கு இங்கேதான் உறுத்தும். பலமனேர் சென்னையை விட்டுப் போனது 1956இல் அல்ல, 1953இல். திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னைக்கு வந்தது 1960 ஏப்ரல் 1இல். 1959ஆம் ஆண்டுத் திருத்தம் அமலானது அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, மே 1இல். முன்னதாக நடந்ததையும் ஒரு மாதம் முன்பு நடந்ததையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள ஒரே தேதியைச் சட்டம் பிடித்துக்கொண்டது.

இதனால் பலமனேர்க் கம்பவுண்டர் தெருவில் நின்றார் என்று சொல்ல வரவில்லை. மாநிலங்களைப் பிரித்த சட்டங்களில் பழைய சட்டங்கள் தொடரும் என்ற பொதுக் காப்பு உண்டு. 32ஆம் பிரிவிலும் வேறு மாநிலத்தில் பதிவு பெற்றவர் கட்டணம் கட்டிப் பதியலாம் என்ற வழி உண்டு. ஆனால் வழியில் போகிறவர் மறுபடி கட்டணம் கட்ட வேண்டும். நகர்ந்தது எல்லை, பணம் கட்டியவர் நகராதவர். இப்படி எத்தனை பேர் கட்டினார்களோ, பொதுக் காப்பே பெரும்பாலோரைக் காத்ததோ, சட்ட வாசகத்தை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

கட்டணத்தைப் பாடநூல் அலுவலகச் சங்கதியாகவே பார்க்கிறது. கட்டணம் எங்கே போகிறது என்று பார்த்தால் சட்டம் யாரைக் கண்ணால் பார்த்தது என்பது தெரியும். தொகையை மாநில விதிகள் நிர்ணயிக்கும். வசூலில் கால் பங்கு ஆண்டுதோறும் ஜூன் முடிவதற்குள் மத்தியக் கவுன்சிலுக்குப் போக வேண்டும் என்கிறது 44ஆம் பிரிவு. மாநிலம் அறிவித்தால் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணமும் உண்டு. அதைக் கட்டத் தவறினால் பதிவாளர் பெயரை நீக்கிவிடுவார். படிப்பு போகாது, பெயர் போய்விடும். கடை உரிமம் இன்னொரு சட்டத்தின் கணக்கு. படிவம் 20, படிவம் 21 இரண்டுக்கும் 2001 முதல் தலா 1,500 ரூபாய். 2017 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத் தக்கவைப்புக் கட்டணம். பலமனேர்க் கடைவீதியில் எந்த 'மெடிக்கல்ஸ்' வாசலில் நின்றாலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இந்த உரிமங்கள் சட்டம் போட்டுத் தொங்கும். கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை.

அந்தச் சுவரில் இல்லாதவர் பயிலுநர். 1991ஆம் ஆண்டுக் கல்வி ஒழுங்குமுறையில் அவருக்கு ஒரு படிவம் மட்டும் இருக்கிறது. மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஐந்நூறு மணி நேரப் பயிற்சி, அதில் இருநூற்றைம்பது மணி நேரமாவது சீட்டுக்கு மருந்து கொடுத்தல். கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் ஒருவர் என்றால் பயிலுநர் இருவருக்கு மேல் கூடாது, கூடுதலாக ஒவ்வொருவருக்கும் ஒருவர். படிவத்தின் வாசகம்தான் ருசி. இன்னாரை என் பயிற்சி ஆசானாக ஏற்கிறேன், பயிற்சி முடியும்வரை கீழ்ப்படிந்து மரியாதையோடு நடப்பேன் என்று மாணவர் கையெழுத்திட வேண்டும். சீட்டைப் படிக்கவும் அளவைச் சரிபார்க்கவும் பதிவேடுகள் எழுதவும் கற்றுத்தருவேன் என்று ஆசான் கையெழுத்திட வேண்டும். குருவும் சீடனும் பேசும் பேச்சு. ஐந்தாண்டுப் பயிலுநர் சட்டத்திலிருந்து மறைந்தாலும் அவருடைய மொழி ஐந்நூறு மணி நேரப் படிவத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் வாசிப்புக்குக் கிடைத்த நல்ல சான்று இதுதான் என்பேன். மெல்லிய சான்று என்று சொல்வோர் சொல்லட்டும்.

அந்தப் படிவத்துக்கு மாநிலக் கவுன்சிலில் பதிவேடு கிடையாது. கலிஃபோர்னியாவில் பயிற்சிப் பருவத்திலேயே மாநில மருந்தியல் வாரியத்திடம் கட்டணம் கட்டி, தன் பெயரில் இன்டர்ன் உரிமம் வாங்கிக்கொண்டுதான் 1,500 மணி நேரக் கணக்கைத் தொடங்க வேண்டும். இங்கே கவுன்சில் மாணவரை முதன்முதலாகப் பார்ப்பது பயிற்சி முடிந்து பதிவுக் கட்டணத்தோடு வரும்போதுதான். 2022இல் வந்த வெளியேறு தேர்வு ஒழுங்குமுறை இடையில் இன்னொரு கதவை வைத்ததே தவிர, பயிலுநருக்குப் பதிவேடு தரவில்லை.

பதிவேட்டில் பெயர், முகவரி, முதலில் சேர்ந்த நாள், தகுதி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் உண்டு. 'தகுதி' என்ற கட்டத்தில் நான்காவது உட்பிரிவுக்காரருக்கு என்ன எழுதினார்கள் என்பதில்தான் என் வாசிப்பு நிற்கும் அல்லது விழும். பலமனேர், புங்கனூர், குப்பம், திருத்தணிப் பக்கம் தாத்தாவோ அப்பாவோ கம்பவுண்டராக இருந்த வீடுகளில் அந்தப் பழைய சான்றிதழ் டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். வீடு மாற்றும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்த ஊர் முத்திரை, என்ன தேதி, தகுதி என்ற இடத்தில் என்ன சொல் என்று மட்டும் பார்த்து எழுதி வையுங்கள்.