கொப்பி கிற்றாரின் கதை

இம்மாத உரை ஒரு கிற்றாரைப் பற்றியது.

அது என்னுடையது அல்ல. எங்கள் இசைக்குழுவில் வாசித்த நண்பர் ஒருவருடையது. 1987ஆம் ஆண்டு, அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராத காலத்தில், ரொறன்ரோவில் ஒரு அடைவுகடையில் தொண்ணூறு டொலர் கொடுத்து வாங்கினார். உணவகத்தில் கோப்பை கழுவிய காசு. அன்றிரவு அறையில் இருந்த ஆறு பேரில் மூன்று பேர் அவரை ஏசினார்கள். ஊருக்குக் காசு அனுப்ப வேண்டிய நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று கேட்டார்கள். ஏசியவர்களில் நானும் ஒருவன். பிறகு பத்துப் பன்னிரண்டு வருடம் எங்கள் சனத்தின் கலியாண வீடு, சாமத்தியவீடு, ஒன்றுகூடல் என்று எத்தனையோ மண்டபங்களில் அந்தக் கிற்றார் ஒலித்தது. நண்பர் இப்போது இல்லை. கிற்றார் அவருடைய மகளிடம் இருக்கிறது.

சென்ற மாரியில் அந்தப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். அதற்கு முன் இரண்டு இடங்களில் காட்டியிருக்கிறாள். ஒரு கடைக்காரர், இது வெறும் கொப்பி, இதற்குச் செலவழிப்பது வீண் என்றாராம். இன்னொருவர், இது வழக்கு நடந்த காலத்துக் கிற்றார், பொக்கிஷம், ஒரு ஆணியைக்கூடக் கழற்றாதே என்றாராம். பிள்ளைக்கு இரண்டையும்விட வேறொரு கேள்விதான் மனதில் இருந்தது.

"மாமா, அப்பா ஏமாந்துபோய்க் கள்ளச் சாமான் வாங்கினவரோ?"

ஊரில் ரேடியோ திருத்தும் கடையில் கையாளாக நின்றவன் நான். கிற்றாரின் வயிற்றைத் திறந்து பார்க்க எனக்குத் தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்கு சோல்டரிங் அயனால் பதில் சொல்ல முடியாது. சரித்திரத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

கதை ஒரு ரேடியோ திருத்துபவரிடம்தான் தொடங்குகிறது. லியோ ஃபென்டர் 1938இல் கலிபோர்னியாவில் ஃபுல்லேர்ரன் என்ற ஊரில் ரேடியோ திருத்தும் கடை திறந்தவர். கிற்றார் வாசிக்கத் தெரியாதவர். ஆனால் 1950இல் அவர் சந்தைக்கு விட்ட, பின்னர் ரெலிகாஸ்ரர் என்று பெயர் பெற்ற கிற்றாரும், 1954இல் வந்த ஸ்ராற்றோகாஸ்ரரும் உலகத்தின் காதையே மாற்றின. பலகைபோல ஒரு உடல், அதில் நான்கு திருகாணிகளால் பூட்டிய கழுத்து. கழுத்துப் பழுதானால் கழற்றி வேறொன்று பூட்டலாம். மறுபக்கத்தில் மிச்சிகன் மாநிலத்தில் கிப்சன் கொம்பனி 1952இல் லெஸ் போல் என்ற மொடலைக் கொண்டுவந்தது. அது பழைய தச்சு முறை. மேற்பலகை குடைந்து வளைக்கப்பட்டிருக்கும். கழுத்து பசைவைத்து உடலோடு ஒட்டப்பட்டிருக்கும். விலையும் அதற்கேற்ற விலை.

இனி யப்பானுக்குப் போவோம். பார்த்துச் செய்து பழகுவது அந்த நாட்டு வாத்தியத் தொழிலில் கிற்றாரோடு தொடங்கியதல்ல. 1887இல் ஹமமட்சு என்ற ஊரில் பள்ளிக்கூடத்து ஓர்கன் ஒன்று பழுதாகியது. திருத்த வந்தவர் தொரகுசு யமஹா. திருத்தும்போதே அதன் அமைப்பைப் படித்துக்கொண்டு தானே ஒன்று செய்தார். ஒரு கூட்டாளியுடன் அதைக் காவுதடியில் தொங்கவிட்டு, ஹகோனே மலையைக் கடந்து ரோக்கியோவின் இசைக் கல்வி நிலையத்துக்குச் சுமந்து சென்றார். பார்த்தவர்கள் சொன்னது, உருவம் சரி, சுருதி சரியில்லை என்பதுதான். அவர் கோபித்துக்கொண்டு திரும்பவில்லை. ஏறக்குறைய ஒரு மாதம் அங்கேயே தங்கி இசை இலக்கணத்தையும் சுருதி சேர்ப்பதையும் கற்றுக்கொண்டு, ஊருக்குப் போய் அடுத்ததைச் செய்தார். உருவம் சரி, சுருதி பிழை என்ற இந்தத் தீர்ப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கிற்றாருக்கு வரும்போது தேவைப்படும்.

1965இல் வென்சேர்ஸ் என்ற அமெரிக்கக் குழு யப்பானில் சுற்றுப்பயணம் செய்தபின் அங்கே மின்கிற்றார்ப் பைத்தியம் பிடித்தது. பெற்றோர் பதறினார்கள். சில ஊர்களில் மாணவர்கள் மின்கிற்றாரைத் தொடக்கூடாது என்று கல்விச் சபைகள் தடையே போட்டன. பிள்ளைகளின் இசையைக் கண்டு பயப்படுவதில் எங்கள் சனம் மட்டும் விசேஷமல்ல. அந்த மோகம் சில வருடத்திலேயே தணிந்தது. ரோக்கியோவில் பேர்பெற்ற ரெயிஸ்கோ கொம்பனி 1967இல் கவாயின் கைக்குப் போனது. வேறு பலரும் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

மிஞ்சியவர்களுக்கு வெளிநாட்டுச் சந்தைதான் வழி. அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. கிப்சன் 1960களின் தொடக்கத்தில் பழைய லெஸ் போல் வடிவத்தைச் செய்வதை நிறுத்தியிருந்தது. பிறகு எரிக் கிளப்ரன் போன்றவர்கள் அதையே தேடிப் பிடித்து வாசிக்க, எல்லா இளைஞர்களுக்கும் அது வேண்டும் என்றாயிற்று. 1968இல் கிப்சன் திரும்பவும் செய்யத் தொடங்கியது. ஆனால் தொழிலாளி வீட்டுப் பிள்ளை வாங்கக்கூடிய விலை அல்ல. அதோடு பெரிய கொம்பனிகளும் கை மாறின. 1965இல் ஃபென்டரை 13 மில்லியன் டொலருக்கு வாங்கியது சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனம். (எங்கள் வானொலி இதுவரை யாரையும் வாங்கவில்லை.) கிப்சனின் தாய்க் கொம்பனி 1969இல் கைமாறி, பின்னர் நோர்லின் என்று பெயர் பெற்றது. இந்தக் கைமாற்றங்களுக்குப் பிறகு தரம் இறங்கிவிட்டது என்ற முறைப்பாடு வாசிப்பவர்களிடம் பரவியது.

இப்போது நாகனோ மாவட்டத்தின் மட்சுமோட்டோ என்ற மலைநாட்டு நகரத்தைப் பாருங்கள். மரவேலைக்குப் பேர்போன இடம். வயலினைத் தாய்மொழிபோலப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சுசுகி முறை 1946இலிருந்து வளர்ந்ததும் இதே நகரத்தில்தான். இங்கே மட்சுமோக்கு என்ற ஆலை 1951இல் தொடங்கியது. ஆரம்பத்தில் தையல் மெசினுக்கு மரப்பெட்டி செய்தார்கள், சிங்கர் மெசின் உட்பட. எங்கள் அம்மாமார் காலால் மிதித்த சிங்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரிப் பெட்டி செய்த கைகள்தான் கிற்றாருக்கும் திரும்பின. 1960இல் தொடங்கிய புஜிகென் என்ற ஆலையும் இதே நகரம்தான். நகோயாவின் ஹோஷினோ என்ற வர்த்தகக் கொம்பனி இபனேஸ் என்ற பெயரில் விற்ற கிற்றார்களில் பெரும்பங்கை இது செய்தது.

1970களின் தொடக்கத்தில் வந்த கொப்பிகளைத் திறந்து பார்த்தால் சிரிப்பு வரும். வெளித்தோற்றம் லெஸ் போல். ஆனால் கழுத்து ஃபென்டர் முறையில் திருகாணியால் பூட்டியிருக்கும். குடைந்த மேற்பலகைக்குப் பதிலாக ஒட்டுப்பலகையை அழுத்தி வளைத்து, அடியில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப் வெளியே இரட்டைச் சுருள்போலத் தெரியும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஒற்றைச் சுருள் இருக்கும். உருவம் சரி, மற்றது பிறகு என்ற நிலை. ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடவில்லை. நாலைந்து வருடத்தில் கழுத்தை ஒட்டத் தொடங்கினார்கள், உடலைக் கட்டையாகவே செய்தார்கள், பிக்கப்பைச் சரியாகச் சுற்றினார்கள். 1970களின் நடுப்பகுதியில், மூலத்தைவிட இது பரவாயில்லையே என்று வாசிப்பவர்கள் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்போதுதான் வழக்கு வந்தது. 1977 யூன் 28ஆம் திகதி நோர்லின், இபனேஸின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்ஜர் கொம்பனிமேல் பிலடெல்பியாவில் வழக்குப் போட்டது. கொப்பி கிற்றார் எல்லாவற்றையும் பற்றிய வழக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. வழக்கு கிற்றாரின் தலை வடிவத்தைப் பற்றியது. விரித்த புத்தகம்போல் இருக்கும் அந்த வளைவு கிப்சனின் வர்த்தகச் சின்னம் என்பதே வாதம். விசாரணைக்குப் போகாமல் 1978இல் சமரசமாக முடிந்தது. இபனேஸோ அதற்கு முதலே தலை வடிவத்தை மாற்றத் தொடங்கிவிட்டது. ஆகவே இன்று அந்தக் காலத்து எந்தக் கொப்பியையும் வழக்குக் கிற்றார் என்று விலை கூட்டுவது வியாபாரப் பேச்சு. இதில் வேடிக்கை என்னவென்றால், கிப்சனின் தாய்க் கொம்பனி தன்னுடைய எபிபோன் கிற்றார்களை 1970இலிருந்து மட்சுமோட்டோவில்தான் செய்வித்துக்கொண்டிருந்தது.

ஃபென்டரின் கதை இன்னும் சுவையானது. ஹமமட்சுவின் ரோக்காய் முதலிய கொம்பனிகளின் கொப்பிகள் பழைய ஸ்ராற்றோகாஸ்ரரை அச்சொட்டாகச் செய்து விற்க, 1982இல் ஃபென்டர் தானே யப்பானியப் பங்காளிகளுடன் ஃபென்டர் யப்பான் என்ற கொம்பனியைத் தொடங்கியது. செய்து கொடுத்தது புஜிகென். 1985இல் சிபிஎஸ் ஃபென்டரை அதன் ஊழியர்களுக்கு விற்றபோது ஃபுல்லேர்ரன் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. கொரோனா என்ற ஊரில் புதிய ஆலை ஒழுங்காக ஓடத் தொடங்கும்வரை, ஃபென்டர் விற்ற கிற்றார்களில் பெரும்பகுதி யப்பானில் செய்ததுதான். கொப்பி செய்தவர்களே மூலத்தைச் செய்து கொடுத்தார்கள். அதே 1985இல் நடந்த பிளாசா உடன்படிக்கைக்குப் பின் யென் நாணயம் ஏறியது. டொலருக்கு ஏறக்குறைய 240 யென் என்றிருந்தது மூன்று வருடத்துக்குள் பாதியாகியது. மலிவுக் கிற்றார் தொழில் கொரியாவுக்கும் பிறகு வேறு நாடுகளுக்கும் போனது. மட்சுமோக்கு 1987இல் மூடப்பட்டது. எங்கள் நண்பர் அடைவுகடையில் காசு எண்ணிக் கொடுத்த அதே வருடம்.

இனி அந்தக் கிற்றாருக்கு வருவோம். கழுத்தின் பின்னால் உள்ள தகட்டில் யப்பானில் செய்தது என்று பொறித்திருக்கிறது. தொடர் இலக்கம் இல்லை. திருகாணிக் கழுத்து. மேற்பலகையைத் தட்டினால் வெற்றிடச் சத்தம். மூடிக்குள் ஒற்றைச் சுருள். ஆக 1970களின் முற்பகுதிக்குரிய மலிவு வகை. எந்த ஆலை என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் ஒரே ஆலை பல பெயர்களுக்குச் செய்தது. ஆனால் தலையில் இருப்பது கிப்சன் என்ற பெயர் அல்ல. இறக்குமதி செய்தவர் வைத்த வேறொரு பெயர். இன்னொருவர் பெயரைப் போட்டு விற்றால் அது கள்ளச் சாமான். இது தன் பெயரோடுதான் வந்தது. தொண்ணூறு டொலருக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது. பிள்ளையிடம் அப்படியே சொன்னேன். "அப்ப அப்பாவுக்குத் தெரிஞ்சுதான் வாங்கினவர்" என்றாள். தெரியும் பிள்ளை, நன்றாகத் தெரியும் என்றேன். கடைக்கு அவரோடு போனதும் நான்தான். ஏசியதற்கு முதல்.

திருத்துவதற்கு வருவோம். இப்படியான கிற்றார் இன்னும் பல வீட்டு பேஸ்மென்ற்றில் கிடக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதலில் கழுத்து நேராக இருக்கிறதா, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகினால் அசைகிறதா, மெட்டுகள் தேயாமல் உயரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் வேறு எதற்கும் காசு போட வேண்டாம். கூட்டல் குறி போட்ட யப்பானியத் திருகாணிகளுக்கு இங்குள்ள ஸ்குறூ ட்றைவர் சரியாகப் பொருந்தாது. பலவந்தம் செய்தால் தலை தேய்ந்துவிடும். யப்பானிய அளவில் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை.

புதுத் தந்தி போட்டு, குதிரையை முன்பின் நகர்த்தி, பன்னிரண்டாம் மெட்டில் சுருதி சேர்கிறதா என்று பார்த்தோம். சேரவில்லை. கழுத்து சாய்ந்திருந்ததால் தந்திகள் உயர்ந்து நின்றன. திருகாணிக் கழுத்தின் வசதி இங்கேதான் தெரிந்தது. கழற்றி, பொருந்தும் குழிக்குள் ஒரு மெல்லிய அட்டைத் துண்டை வைத்துப் பூட்டினோம். தந்தி இறங்கியது, சுருதியும் சேர்ந்தது. ஒரு சதம் செலவில்லை. கரகர என்ற வொலியூமுக்கு, மின்தொடுகைகளைத் துப்புரவாக்கும் மருந்து அடித்தேன். நாற்பது வருடத்துக்கு முன் ரேடியோவுக்குச் செய்த அதே வேலை. இரைச்சலைக் குறைக்க உள்ளே செப்புத் தாள் ஒட்டி நிலக்கம்பியோடு இணைத்தோம்.

புதிய வொலியூம் பாகம் ஒன்றையும் பிள்ளை வாங்கி வந்திருந்தாள். அமெரிக்க அளவு. யப்பானியத் துளைக்குள் போகாது, துளையைப் பெருப்பிக்க வேண்டும். பழைய குமிழும் அதன் தண்டில் ஏறாது. பெருப்பித்த துளையைத் திரும்பச் சிறிதாக்க முடியாது என்றேன். அவள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிக்கப்பையும் விட்டுவிட்டோம். அந்த மெல்லிய, கொஞ்சம் மூக்கால் பாடுகிற சத்தம்தான் 1991ஆம் ஆண்டுக் கலியாண வீட்டுக் கசற் ஒன்றில் இருக்கிறது. போட்டுக் கேட்டோம்.

பிருடைகளை மட்டும் புதிதாகப் போட்டோம், பழையவற்றை பிஸ்கற் ரின்னில் பத்திரமாக வைத்தோம். ஆறில் ஐந்துதான் மாற்றினோம். ஆறாவது, ஒரு மண்டபத்து மேடைப் படியில் நண்பர் விழுந்தபோது வளைந்தது. அதைக் கழற்ற அவள் விடவில்லை. அந்தத் தந்தி இறங்கிக்கொண்டே இருக்கும். பாட்டுக்குப் பாட்டு அதை மட்டும் திருகிக்கொண்டு வாசிக்கிறாள்.