ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலையீட்டு உரிமை: 4(எச்) பிரிவும் 2015 புருண்டித் தீர்மானமும்

ஆப்பிரிக்க ஒன்றியத்தின் பாதுகாப்புக் கொள்கையை ஆராய்பவர் எவரும் பால் டி. வில்லியம்ஸ் 2007-இல் ‘ஆப்பிரிக்கன் அஃபேர்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைத் தொடாமல் போக முடியாது. ‘தலையிடாமை’யில் தொடங்கிப் ‘பாராமுகம் காட்டாமை’க்கு வந்து சேர்ந்ததாக அக்கட்டுரை வரைந்த பாதை இன்று ஏறத்தாழப் பாடநூல் செய்தி. உறுப்பு நாட்டின் உள்விவகாரத்தில் எவரும் கைவைக்கக் கூடாது என்றது, ஒன்றியத்தின் முன்னோடியாக 1963-இல் பிறந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு. போர்க்குற்றம், இனப்படுகொலை, மானுடத்துக்கு எதிரான குற்றம் ஆகியவை நிகழ்ந்தால் நாட்டுத் தலைவர்கள் கூடும் பேரவையின் முடிவின்படி ஒன்றியம் தலையிடலாம் என்றது 2000 ஜூலையில் லோமேயில் ஏற்கப்பட்ட அமைப்புச் சாசனத்தின் 4(எச்) பிரிவு. இரண்டுக்கும் இடையில் 1994-இன் ருவாண்டா இனப்படுகொலை. இந்தப் பாதை சரிதானா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வில்லியம்ஸ் எளிமைப்படுத்துபவர் அல்லர். புதிய நெறிகளை எல்லா நாடுகளும் ஒரே அளவில் உள்வாங்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அவரோடு எனக்குள்ள வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு நெறி தேய்ந்து இன்னொன்று வளர்ந்தது என்ற சட்டகத்துக்குள் நின்று, எவ்வளவு தேய்ந்தது, எவ்வளவு வளர்ந்தது என்று அவர் அளக்கிறார். என் வாசிப்பில் இரண்டு நெறிகளும் ஒன்றாகவே வாழ்ந்தன. அவற்றை இணைத்து வைத்திருந்தது, தலையீட்டுக்கு உள்ளாகும் நாட்டின் இசைவு. வளர்ந்தது தலையிடும் துணிவு என்பதைவிட, இசைவைக் கேட்டுப் பெறும் முறை என்பதே பொருந்தும்.

சாசனத்தின் நான்காம் பிரிவை வரிசையாகப் படித்தாலே இது தெரியும். 4(ஜி) தலையிடாமையை அப்படியே நிலைநிறுத்துகிறது. அதை அடுத்து 4(எச்) தலையீட்டு உரிமையைத் தருகிறது. சற்றுத் தள்ளி 4(ஜே), அமைதியை மீட்க ஒன்றியத்தின் தலையீட்டை உறுப்பு நாடே கோரலாம் என்கிறது. ஆய்வாளர்களின் கவனம் முழுவதும் நடுவில் உள்ள பிரிவின்மீது விழ, நடைமுறையில் பயன்பட்டது மூன்றாவதன் வழிதான். 2003-இல் ஒன்றியத்தின் முதல் படை புருண்டிக்குச் சென்றது. அருஷா அமைதி உடன்பாட்டை ஒட்டி, அந்நாட்டின் இசைவோடு. 2004-இல் சூடானின் டார்ஃபூருக்கு கார்ட்டூம் அரசின் இசைவோடு. 2007-இல் சோமாலியாவுக்கு அங்கிருந்த இடைக்கால அரசின் இசைவோடு. 2008 மார்ச்சில் கொமொரோஸின் அஞ்சுவான் தீவில் நடந்த படையெடுப்பும், பிரிந்து நின்ற தீவை மீட்டுத் தருமாறு மைய அரசு கேட்டதன் பேரில் நடந்ததே.

பழைய அமைப்பும் முற்றிலும் கைகட்டி நின்றதில்லை. 1981-இல் கூக்கூனி வெட்டேயின் இடைக்கால அரசுக்குத் துணையாக நைஜீரியா, செனகல், ஸயர் நாட்டு வீரர்களைக் கொண்ட படையை அது சாடுக்கு அனுப்பியது. 1982 ஜூனில் ஹிஸ்ஸேன் ஹப்ரே இன்ஜமேனாவைக் கைப்பற்றியதோடு அம்முயற்சி முடிந்தது. தோல்விதான். ஆனாலும் இசைவோடு செல்லும் படை என்ற வழக்கம் 2000-க்கு முன்பே இருந்ததற்கு அது சான்று. அதனால் மாற்றத்தின் தொடக்கத்தை எந்த ஆண்டில் வைப்பது என்ற வினாவுக்கு ஒற்றை விடை இல்லை. சாடுப் படையின் 1981, மோதல் தடுப்புப் பொறியமைப்பு கெய்ரோவில் உருவான 1993, ருவாண்டாவின் 1994, லோமேயின் 2000 ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பகுதிக்கே விளக்கம் தருகிறது. ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை முன்னோட்டமாகச் சுருக்குவது வசதி மட்டுமே.

என் வாதத்தின் மையச் சான்று, ஒன்றியத்தின் அமைதி-பாதுகாப்பு மன்றம் 2015 டிசம்பர் 17 அன்று தன் 565-ஆவது கூட்டத்தில் எடுத்த தீர்மானம். புருண்டியின் அப்போதைய அதிபர் பியர் என்குருன்சிசா மூன்றாம் முறை பதவிக்குப் போட்டியிட்டதில் தொடங்கிய நெருக்கடி, டிசம்பர் 11 அன்று புஜும்புராவின் படைமுகாம்கள் தாக்கப்பட்டதோடு உச்சம் தொட்டிருந்தது. ‘மாப்ரோபு’ என்ற பெயரில் 5,000 பேர் வரை கொண்ட படைக்கு மன்றம் ஒப்புதல் அளித்தது. காலம் முதற்கட்டமாக ஆறு மாதம். பொதுமக்களைக் காப்பதும், பேச்சுவார்த்தைக்கான சூழலை உருவாக்குவதும் அதன் பணி.

இதற்கு அடுத்து வரும் வாசகங்களின் வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. படையை ஏற்பதாக 96 மணி நேரத்துக்குள் உறுதிசெய்யுமாறு புருண்டி அரசைத் தீர்மானம் கேட்கிறது. ஏற்க மறுத்தால், 4(எச்) பிரிவைச் செயல்படுத்துமாறு பேரவைக்குப் பரிந்துரைப்பதாகச் சொல்கிறது. முதலில் ஒப்புதல், பிறகு இசைவுக்கான வேண்டுகோள், கடைசியில் 4(எச்). அரசுத் தரப்பின் மீதே வன்முறைக் குற்றச்சாட்டு இருந்த நேரத்தில், அதே அரசிடம் அனுமதி கேட்கப்படுகிறது.

சட்ட நோக்கில் இது தேவையே இல்லை. சாசனத்தை ஏற்புறுதி செய்த அன்றே ஒரு நாடு 4(எச்) பிரிவுக்கும் சேர்த்துத்தான் இசைவு தந்துவிடுகிறது. முன்கூட்டியே தந்த அந்த முதல் இசைவு போதாது, நெருக்கடி வேளையில் மறுபடி கேட்க வேண்டும் என்பதுதான் அந்த 96 மணி நேரத்தின் பொருள். இதை ‘இரண்டாம் இசைவு’ என்பேன். ஒன்றியத்தின் உண்மையான நெறி இதுவே. 2016 ஜனவரி இறுதியில் அடிஸ் அபாபாவில் கூடிய பேரவை, புருண்டி மறுத்த நிலையில் படை அனுப்புவதைக் கைவிட்டு, உயர்மட்டத் தூதுக்குழுவை அனுப்ப முடிவெடுத்தது. அதே நாட்களில் புருண்டி அமைதி-பாதுகாப்பு மன்றத்துக்கு மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நாட்டு வீரர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றியத்தின் கொடியின் கீழ் சோமாலியாவில் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். இதை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவோர், வீரர்களை அளிக்கும் நாட்டை ஒன்றியம் எவ்வளவு சார்ந்திருக்கிறது என்பதைக் கணக்கில் கொள்வதில்லை.

அப்படியானால் 4(எச்) செத்த எழுத்தா? அல்ல என்பதே என் கருத்து. இங்கே சான்று மெலிந்தது என்பதால்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேரவையின் மூடிய அமர்வுகளுக்குப் பொதுப் பதிவு கிடையாது. நமக்குக் கிட்டுவது முடிவுகளும் பின்விளைவுகளும்தான். படையை அறவே மறுத்த புருண்டி, 2016 பிப்ரவரியில் தூதுக்குழு வந்துபோனபின் நூறு மனித உரிமைக் கண்காணிப்பாளர்களுக்கும் நூறு படைத்துறை வல்லுநர்களுக்கும் இடம் தர ஒப்புக்கொண்டது. உண்மையில் போய்ச் சேர்ந்தவர்கள் அதைவிடக் குறைவு. பொருளுதவியை நிறுத்துவதாக வந்த வெளி அழுத்தமும் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் டிசம்பர் தீர்மானம் 4(எச்) பிரிவைப் பெயர் சொல்லி நீட்டியிராவிட்டால், அந்த இருநூறு என்ற பேரம் எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். பயன்படுத்தப்படாத பிரிவும் பேரத்தின் எடையைக் கூட்டும்.

2003-இல் 4(எச்) பிரிவோடு ‘சட்டபூர்வ ஒழுங்குக்கு நேரும் கடும் அச்சுறுத்தல்’ என்ற காரணத்தையும் சேர்க்கும் திருத்தம் ஏற்கப்பட்டது. இது மக்களின் பாதுகாப்பிலிருந்து ஆட்சியின் பாதுகாப்புக்கு நகர்வதா என்று அந்த ஆண்டே எவரிஸ்ட் பைமுவும் கேத்ரின் ஸ்டர்மனும் கேட்டார்கள். போதிய நாடுகள் ஏற்புறுதி தராததால் இருபது ஆண்டுகள் கடந்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. தங்களைக் காக்கும் திருத்தத்தைக்கூட அரசுகள் விரைந்து ஏற்கவில்லை என்பது, வெளியாரின் முடிவின் மீது அவற்றுக்குள்ள அவநம்பிக்கையின் ஆழத்தைக் காட்டுகிறது.

இந்த வரலாற்றை இன்று பேச வேண்டிய காரணம் சூடான். 2021 அக்டோபர் ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் ஒன்றியம் அதை இடைநீக்கம் செய்தது. 2023 ஏப்ரல் 15 முதல் ராணுவமும் அதிவிரைவு ஆதரவுப் படையும் நாட்டைச் சிதைத்து வருகின்றன. இரண்டாம் இசைவை யாரிடம் கேட்பது? இடைநீக்கப்பட்ட ஆட்சியிடம் கேட்டால் அதை அங்கீகரித்ததாகும். எதிர்ப்படையிடம் கேட்டால் அதையும் அரசாக்கியதாகும். இடைநீக்கம், இசைவு ஆகிய இரண்டு நெறிகளும் தனித்தனியே நியாயமானவை. சேரும்போது மக்கள் நடுவில் கைவிடப்படுகிறார்கள்.

பணமும் இதே முடிச்சை இறுக்குகிறது. ஒன்றியப் பணிகளின் செலவில் 75 விழுக்காடு வரை ஐ.நா. கட்டாயப் பங்களிப்பிலிருந்து ஏற்க 2023 டிசம்பரில் பாதுகாப்பு அவையின் 2719-ஆவது தீர்மானம் வழி திறந்தது. ஆனால் ஒவ்வொரு பணிக்கும் அவையின் தனி அனுமதி வேண்டும். அதாவது அடிஸ் அபாபாவில் ஓர் இசைவு, நியூயார்க்கில் இன்னோர் இசைவு.

தலையிடாமை முடிந்துவிட்டது என்ற வாசிப்பு, பேரவை ஏன் தயங்குகிறது என்பதற்கு மன உறுதிக் குறைவைத்தான் விடையாகத் தர முடியும். இசைவே நெறி என்று கொண்டால் கேள்வி கூர்மையாகிறது: இசைவு தர அரசே இல்லாத இடத்தில், சாசனத்தை ஏற்புறுதி செய்தபோது தரப்பட்ட முதல் இசைவு போதும் என்று ஒன்றியம் எப்போது அறிவிக்கும்? சாசனத்தைத் திருத்தாமலே அதைச் செய்யலாம். பேரவையின் ஒரு முடிவு போதும். லோமேயில் கையெழுத்திட்டவர்கள் ருவாண்டாவின் சடலங்களை மனத்தில் கொண்டே அந்தப் பிரிவை எழுதினார்கள் என்பதை நாம் நம்பினால், சூடான் மக்களுக்கு அந்த முடிவு உரியது.