கண்காணி கங்காணியான கதை

சோழர் காலத்துச் சாசனங்களில் கோயிற் காரியங்களை மேற்பார்த்த அதிகாரிக்குக் கண்காணி என்று பெயர். கண்ணால் காண்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். எங்கும் நிறைந்து எதையும் பார்த்திருக்கும் இறைவனையே திருமூலர் இச்சொல்லால் சுட்டினார் என்றால், அந்நாளில் இதற்கிருந்த கௌரவத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். பேச்சில் ணகரம் பின்வரும் ககரத்தோடு இயைந்து ஙகரமாகக் கண்காணி கங்காணி ஆயிற்று. அது வெறும் ஒலித் திரிபு. பொருளில் திரிபு நேர்ந்தது கடலுக்கு அப்பால்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைநாட்டில் ஆங்கிலத் துரைமார் காப்பித் தோட்டங்களையும், காப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலைத் தோட்டங்களையும் போட்டபோது, ஆள் சேர்த்துத் தரும் பொறுப்பு கங்காணியின் கைக்கு வந்தது. அவன் அந்நியனல்லன். தோட்டத்தில் முன்பே வேலை பார்த்துவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பி, மழை பொய்த்துக் கடனில் மூழ்கியிருந்த தன் உறவினரிடமும் அண்டை அயலாரிடமும் துரை கொடுத்த முன்பணத்தை நீட்டி, வழிச்செலவையும் அவர்கள் தலையிலேயே கடனாக எழுதி, தானே முன்னின்று அழைத்துப் போனவன் அவன். மாமா என்றும் அண்ணன் என்றும் யாரை அழைத்தார்களோ அவனிடமே கடன் கணக்கும் இருந்தது. அவனை வெறும் கொடியவனாகச் சித்திரித்துவிட்டால் இந்த முறை நூறாண்டு எப்படி நிலைத்தது என்பது விளங்காமலே போய்விடும் என்பது என் துணிபு. விசுவாசமே அவனுடைய மூலதனம். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. பெரிய கங்காணிக்குக் கீழே சில்லறைக் கங்காணிகளும் இருந்தனர்.

இவ்வாழ்க்கையின் சாரமெல்லாம் ‘துண்டு’ என்ற காகிதத்தில் அடங்கியிருந்தது. இன்ன தொகை கடனைத் தீர்த்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுப்பது அது. அத்தொகையைச் செலுத்தும் தோட்டத்துக்கு ஆட்களோடு கடனும் இடம் மாறும். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. கங்காணி மூலம் மலாயாவுக்கு ஆள் சேர்ப்பதும் 1938-இல் இந்திய அரசின் தடையால் நின்றது. ஆனால் 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டபோது, தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் பேர் இருந்த எத்தனையோ பேரிடம் பிறப்புச் சான்று இல்லை. 1964-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், இவ்வாறு நாடற்றுப்போனவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்ப் பார்க்கலாம் என்று விடப்பட்டது. ஆட்கள் இவ்வாறு எண்ணிக்கையாக ஆனது அந்த ஆண்டிலல்ல; தலைக்காசு எண்ணிய நாளிலேயே.

இன்றும் இதே முறையில் ஒடிசாவின் பலாங்கீர்ப் பகுதியிலிருந்து, அறுவடை முடிந்ததும், சர்தார் எனப்படும் ஆள் சேர்ப்பவன் கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு நம் ஊர்ச் செங்கல் சூளைகளுக்கு வரும் குடும்பங்களைப் பார்த்து, எங்கிருந்தோ திடீரென்று வந்துவிட்டார்கள் என்று பேசுகிறோம். சர்தார் பெரும்பாலும் அவர்கள் பக்கத்து ஆள்தான். சூளைக் கணக்கில் முதல் கல் அறுப்பதற்கு முன்பே கடன் ஏறியிருக்கிறது. அப்படி அழைத்து வருபவனை நம்மவர் மேஸ்திரி என்கின்றனர். போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல் அது. இரங்கூன் அரிசி ஆலைகளுக்குத் தெலுங்கு நாட்டுக் கூலிகளைக் கப்பலேற்றிப் போனவனுக்கும் அதுவே பெயர்.