மும்மொழிக் கல்

ஐரோப்பியர் வருமுன் கீழைக்கடல் உறங்கிக் கிடந்ததென எண்ணும் மாணவர் இன்றும் உளர். காலியில் 1911இல் கிடைத்த கல்வெட்டை அவர்கள் காணவேண்டும். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ 1409ஆம் ஆண்டிட்டுப் பொறித்த கல் அது. சீனப்பகுதி புத்தருக்கும், தமிழ்ப்பகுதி தேவேந்திரமுனையில் கோயில்கொண்ட தென்னாவர நாயனாருக்கும், பாரசீகப்பகுதி இஸ்லாத்துக்கும் காணிக்கை கூறுகின்றன. பக்தியன்று இது, வணிக அரசியல். அக்கடலில் செலாவணியான மொழிகளுள் தமிழும் ஒன்று. (சிங்களம் கல்லில் இல்லை என்பதும் சிந்திக்கத்தக்கது.)

கண்டியை அடுத்த கம்பளை அரசில் அமைச்சராயிருந்த அழகக்கோனார் குடியின் வீர அழகேசுவரனை 1411இல் சிறைகொண்டு சென்றவனும் செங் ஹோவே. ஆயினும் 1433க்குப் பின் சீன அரசவை தானே கப்பலோட்டத்தை நிறுத்திற்று, எவரும் தோற்கடிக்கவில்லை. வணிகர் எஞ்சினர், அவர்களைக் காக்கும் கடற்படை எஞ்சவில்லை. பீரங்கியோடு வந்த போர்த்துக்கேயருக்கு அதுவே வாய்ப்பாயிற்று. நாயனார் கோயிலை அவர்கள் 1588இல் இடித்தனர். ஆறாண்டுகளின்பின், கண்டிக்கருகே தந்துரையில் அவர்தம் படை அழிந்தது.